நெடுநாள் நின்ற அம்பாசடரில் கியர் விழவில்லை: கிளட்ச் ஒட்டிவிட்டதா?

கானாடுகாத்தான் வீட்டுக் கொட்டகையில் எட்டு வருடம் நின்ற அம்பாசடர், எஞ்சின் ஓடுகிறது, கியர் மட்டும் கரகரவென்று கத்துகிறது என்கிறீர்கள். எஞ்சினை நிறுத்தினால் கியர் சுலபமாக விழுகிறதா? அப்படியென்றால் கியர் பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டாம்.

முதலில் நியூட்ரலில் வண்டியைத் தள்ளுங்கள். உருளாவிட்டால் பிரேக்தான் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். உருண்டால், எஞ்சினை நிறுத்தியே கியரில் போட்டு, ஒருவர் கிளட்ச்சை முழுதாக மிதிக்க, இன்னொருவர் தள்ளட்டும். நகரவில்லை என்றால் கிளட்ச் எஞ்சினிலிருந்து விடுபடவில்லை.

அடுத்து கீழே குனிந்து, மிதிக்கும்போது கிளட்ச் ஃபோர்க் (பெடலின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் நெம்புகோல்) எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமலே கியர் பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள், மனசு கேட்பதில்லை. ஃபோர்க் அசையவில்லை என்றால் கோளாறு வெளியே: இணைப்புக் கம்பி, அல்லது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச்சாக இருந்தால் சிலிண்டர் ரப்பர். ஃபோர்க் நன்றாக நகர்ந்தும் விடுபடாவிட்டால், பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கிளட்ச்சின் உள்தட்டான டிஸ்க் துருப்பிடித்து, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். பெடலை மரக்கட்டையால் அமுக்கி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள், சில சமயம் தானே விட்டுவிடும். விடாவிட்டால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.