அமெரிக்காவின் முதல் பெண்கள் புரோ பாஸ்கெட்பால் லீக்: உங்க கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் 1978-81ல அமெரிக்காவுல நடந்த விமன்ஸ் புரொஃபஷனல் பாஸ்கெட்பால் லீக் பத்தி ரெண்டு வரி சொன்னேன், அதுக்கே இவ்ளோ கேள்வி வந்துருச்சு. சுருக்கமா டபிள்யூபிஎல்னு சொல்வாங்க, நம்மூரு கிரிக்கெட் லீக்கோட போட்டு குழப்பிக்காதீங்க. ஒரே மாதிரி கேட்டிருந்ததை எல்லாம் சேர்த்து எழுதியிருக்கேன்.

அக்கா, இதை யாரு ஆரம்பிச்சா? அந்தக் காலத்துல பொண்ணுங்க மேட்ச்சுக்கு கூட்டம் வருமா?

பில் பைர்ன்னு ஒருத்தர், ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ்காரர். விளையாட்டு ப்ரொமோட்டர், அதுக்கு முன்னாடி வருஷம்தான் ஆம்பளைங்களுக்கு ஒரு சாஃப்ட்பால் லீக் ஆரம்பிச்சிருந்தார். அவர் கணக்கும் தப்பில்ல. 1972ல டைட்டில் நைன் சட்டம் வந்து காலேஜ்ல பொண்ணுங்க விளையாட்டுக்கு காசு வர ஆரம்பிச்சிருச்சு, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க பெண்கள் டீம் வெள்ளி வாங்கிருச்சு, ஆனா காலேஜ் முடிச்ச பொண்ணுக்கு சொந்த நாட்டுல புரோவா ஆட ஒரு லீக் கிடையாது. முதல் மேட்ச் 1978 டிசம்பர் 9, மில்வாக்கில. சிகாகோ ஹஸில் 92, மில்வாக்கி டோஸ் 87. வந்த கூட்டம் 7,824 பேர். அதனால கூட்டமே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, தினமும் அவ்ளோ கூட்டம் வரலங்கறதுதான் பிரச்சனை.

எத்தனை டீம்? யாரு கப் அடிச்சா?

முதல் சீசன் 8, ரெண்டாவது 14, மூணாவது 9. இந்த மூணு நம்பரைப் பார்த்தாலே பாதி கதை புரிஞ்சிரும். ஒரு டீம் வாங்க ஃபீஸ் 50,000 டாலர். அன்னைக்கே அது ஒரு புரோ டீமுக்கு ரொம்ப சல்லிசு. வாங்கினவங்க கையில அதுக்கு மேல எவ்ளோ இருக்கு, ரெண்டு மூணு வருஷம் நஷ்டம் தாங்குவாங்களான்னு ஒழுங்கா பார்க்காமலே வித்தாங்கன்னுதான் நான் சொல்வேன். ரெண்டாவது சீசன் பாதியிலேயே பிலடெல்பியாவும் வாஷிங்டனும் கடையை மூடிட்டாங்க.

சாம்பியன் யாருன்னா முதல்ல ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ், அடுத்து நியூயார்க் ஸ்டார்ஸ், கடைசியா நெப்ராஸ்கா ராங்லர்ஸ். கொடுமை என்னன்னா, மூணாவது சீசன் ஆரம்பிக்கும்போது முதல் ரெண்டு சாம்பியனுமே லீக்ல இல்ல.

மோலி போலின் மோலி போலின்னு எல்லாரும் சொல்றாங்களே, அவங்க அவ்ளோ பெரிய ஆளா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாத்தான் எழுதுவேன், மன்னிச்சுக்கோங்க.

ஐயோவா மாநிலத்துல அப்போ பொண்ணுங்களுக்கு ஆறு பேர் ஆட்டம்னு ஒண்ணு இருந்துச்சு. ஒரு டீமுக்கு ஆறு பேர், மூணு பேர் அட்டாக், மூணு பேர் டிஃபென்ஸ், யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, ரெண்டு தடவைக்கு மேல பந்தைத் தட்டவும் கூடாது. பொண்ணுங்க முழு கோர்ட்டும் ஓடினா உடம்பு தாங்காதுன்னு பழைய காலத்துல வச்ச ரூல். ஆனா அந்த ஊர்ல அதுக்கு இருந்த மவுசே வேற, ஸ்டேட் டோர்னமென்ட்டுக்கு டெஸ் மாய்ன்ஸ் ஆடிட்டோரியமே நிரம்பிரும். அட்டாக் பொண்ணுக்கு ஷூட் பண்றது மட்டும்தான் வேலைங்கறதால கை அப்படி பழகிரும், ரெண்டு தட்டு, ஒரு ஜம்ப், பந்து வலைக்குள்ள. மோலி அங்க இருந்து வந்தவங்க. ஐயோவா கார்னெட்ஸ் டீமுக்கு அவங்க கையெழுத்து போட்டதே மாநில கவர்னர் ஆபீஸ்ல வச்சுதான். 1979-80 சீசன்ல ஒரு மேட்ச்சுக்கு சராசரி 32.8 பாயின்ட், ஒரே மேட்ச்ல 55 கூட அடிச்சிருக்காங்க. பட்டப்பேரே 'மெஷின் கன் மோலி'.

கார்னெட்ஸ் ஓனர் ஜார்ஜ் நிஸன், ட்ராம்போலினை கண்டுபிடிச்சவர் அவர்தான். டீம் பஸ்ஸுக்கு 'கார்ன் டாக்'னு பேர் வச்சு அதுலயே ஊர் ஊரா போனாங்க. ரெண்டு வருஷமும் ஃபைனல் வரைக்கும் வந்து தோத்தாங்க, அதோட டீமும் காலி.

மோலி தன்னோட போஸ்டரை தானே அடிச்சு வித்தாங்க, டிக்கெட் விக்கணுமே. பின்னாடி டைவர்ஸ் கேஸ்ல அவங்க ஊர் ஊரா போய் ஆடினதே அவங்களுக்கு எதிரா திரும்பி, கீழ் கோர்ட் மகனை அப்பாகிட்ட குடுத்துருச்சு. 1983ல ஐயோவா சுப்ரீம் கோர்ட்தான் அந்தத் தீர்ப்பை மாத்துச்சு. ஆம்பள பிளேயர் யாருக்காவது இப்படி நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க.

சம்பளம் எவ்ளோ?

நிறைய பேருக்கு ஒரு சீசனுக்கு 5,000ல இருந்து 15,000 டாலர் வரைக்கும், பெரிய ஸ்டாருக்கு அதுக்கு மேல. அதுவும் பேப்பர்லதான். செக் பவுன்ஸ் ஆகுறதெல்லாம் சகஜம். 1981 மார்ச்ல மினசோட்டா ஃபில்லீஸ் டீம் சிகாகோவுக்கு ஆடப் போச்சு, சம்பள பாக்கி ஏறிக்கிட்டே போகுது, கேட்டா பதில் இல்ல. மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, டிக்கெட் வாங்கின ஜனம் உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கும்போதே, மொத்த டீமும் கோர்ட்டை விட்டு வெளிய நடந்துருச்சு. பதிலுக்கு லீக் அவங்களை சஸ்பெண்ட் பண்ணுச்சு. சம்பளம் குடுக்காதவனை விட்டுட்டு கேட்டவளைப் பிடிச்சாங்க பாருங்க.

பொண்ணுங்களுக்கு மேக்கப் கிளாஸ் வச்சாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா சகோ?

உண்மைதான். கலிஃபோர்னியா ட்ரீம்ஸ் டீமை சார்ம் ஸ்கூலுக்கே அனுப்பினாங்க, எப்படி நடக்கணும், எப்படி மேக்கப் போடணும்னு. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஃபிசியோ வச்சிருக்கலாம்.

சரி, கடைசியில மூடினதுக்கு ஒலிம்பிக்ஸ்தான் காரணம்னு ஒரு இடத்துல படிச்சேன். சரியா?

பாதி சரி. அப்போ புரோவா ஆடினா ஒலிம்பிக்ஸ்ல ஆட முடியாது. அதனால கரோல் பிளேஸ்யோவ்ஸ்கி, நான்சி லீபர்மன் மாதிரி பெரிய பேர் எல்லாம் 1980 மாஸ்கோவுக்காக லீக் பக்கமே வரல. ஆன் மேயர்ஸ் மட்டும் 1979ல, ஆம்பளைங்க புரோ லீக்கான என்பிஏல ஆடுற இண்டியானா பேஸர்ஸ் டீமோட 50,000 டாலர் கான்ட்ராக்ட் போட்டு, அங்க டீம்ல இடம் கிடைக்காம நியூ ஜெர்சி ஜெம்ஸுக்கு வந்தாங்க, வந்த சீசன்லயே மோலியோட சேர்ந்து எம்விபி, அதாவது சீசனோட சிறந்த பிளேயர். லீக்காரங்க போட்ட கணக்கு, 1980 ஒலிம்பிக்ஸை டிவில நாடே பார்க்கும், முடிஞ்சதும் அந்த ஸ்டாருங்க எல்லாம் நம்மகிட்ட வருவாங்கன்னு. ஆனா அமெரிக்க அதிபர் கார்ட்டர் அந்த ஒலிம்பிக்ஸையே பாய்காட் பண்ணிட்டார். பிளேஸ்யோவ்ஸ்கி நியூ ஜெர்சிக்கும் லீபர்மன் டல்லாஸுக்கும் வந்துட்டாங்க, ஆனா ஒலிம்பிக் விளம்பரம் வரல.

ஆனாலும் அதை மட்டும் காரணம் சொன்னா ஓனருங்க தப்பிச்சிருவாங்க. தேசிய அளவுல டிவி கான்ட்ராக்ட் இல்ல, பெரிய ஸ்பான்சர் இல்ல, ஏற்கனவே இருக்கற டீமுக்கே சம்பளம் போகாதப்போ ஒரே வருஷத்துல எட்டை பதினாலு ஆக்கினது எந்த ஊர் நியாயம்? 1981ல நெப்ராஸ்காவும் டல்லாஸும் ஃபைனல்ல அஞ்சு மேட்ச் வரைக்கும் போச்சு, நல்ல ஃபைனல், அடுத்த சீசன்னு ஒண்ணு நடக்கவே இல்ல.

அப்புறம் வந்த ஏபிஎல்லும் இதே மாதிரிதானே போச்சு?

இல்லங்க, அது வேற கதை. 1996 அக்டோபர்ல ஆரம்பிச்ச அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் பிளேயர்ஸை ஒழுங்கா நடத்துச்சு, குறைஞ்ச சம்பளமே 40,000 டாலர், லீக்ல பங்கும் குடுத்தாங்க. ஆனா அடுத்த வருஷமே என்பிஏ காசோட டபிள்யூஎன்பிஏன்னு இன்னொரு பெண்கள் லீக் வந்துருச்சு, சம்பளம் கம்மி, ஆனா என்பிசி, இஎஸ்பிஎன்னு டிவி எல்லாம் அவங்க கையில. ஏபிஎல் 1998 டிசம்பர் 22ல சீசன் நடுவுலயே நிறுத்திட்டாங்க. ஆட்டம் எதுல ஒசத்தின்னு கேட்டா ஏபிஎல்தான்னு நான் சொல்வேன். அங்க ஆடின யோலண்டா கிரிஃபித் 1999ல டபிள்யூஎன்பிஏக்கு வந்த முதல் சீசன்லயே எம்விபி வாங்கினாங்களே.

பழைய பிளேயர்ஸுக்கு பாக்கி சம்பளமாவது வந்துச்சா, இல்ல ஏதாவது மரியாதையாவது?

2018ல நாக்ஸ்வில்ல இருக்கற பெண்கள் பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம் அந்த லீக்கை மொத்தமா கௌரவிச்சாங்க. லீக் மூடி 37 வருஷம் கழிச்சு. பாக்கி சம்பளத்தை எந்த ஓனரும் தேடி வந்து குடுத்ததா நான் எங்கயும் படிக்கல.