தரையிறங்கும் தூரம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அக்காள் மகன் விமானம் ஓட்டப் பயின்று வருகிறான். அவன் ஓட்டும் செஸ்னா 172எஸ் என்ற சிறு பயிற்சி விமானத்தின் கையேட்டில், கடல்மட்டத்தில் 30 டிகிரி வெப்பத்தில் 50 அடி உயரத்திலிருந்து இறங்கி நிற்க 1,380 அடி போதும் என்றிருக்கிறது. அவனுடைய ஆசிரியரோ அதை 1.43ஆல் பெருக்கச் சொல்கிறாராம். நம் பக்கத்துச் சித்திரை வெயிலுக்காகவா இந்தப் பெருக்கல்? கையேட்டை நம்பக் கூடாதா?

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

வெயிலுக்காக அல்ல. அதே அட்டவணையில் 40 டிகிரிக்கு 1,415 அடி என்றிருக்கும். பத்து டிகிரிக்கு 35 அடிதான் கூடுகிறது. சூட்டில் காற்றின் அடர்த்தி குறைவதால், வேகமானி அதே 61 நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் என்ற வேக அலகு) வேகத்தைக் காட்டினாலும் விமானம் உண்மையில் சற்று விரைவாகவே வருகிறது; அதைக் கையேடே கணக்கில் சேர்த்துவிட்டது.

கையேடு பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண், உலர்ந்த சமதளத்தில், காற்றில்லாத வேளையில், தேர்ந்த விமானி பிரேக்கை அழுத்திப் பிடித்து நிறுத்தியதற்கு உரியது. பயிலும் பிள்ளையின் கை அவ்வளவு துல்லியமாக இராது என்பது போன்ற காரணங்களுக்காகவே பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் 1.43ஐப் பரிந்துரைக்கிறது. 61 நாட்டுக்குப் பதில் 67இல் வந்தால் வேகம் பத்து விழுக்காடுதான் அதிகம், ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடியாக வளர்வதால் இருபது விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடிவிடும். உயரப் பிழை இதைவிடக் கொடியது. 50 அடி என்பது நன்கு வளர்ந்த ஒரு தென்னையின் உயரம். ஓடுதள முனையை இரண்டு தென்னை உயரத்தில் கடந்தால், மூன்று டிகிரிச் சரிவில் இறங்கி வரும்போது ஓடுதளத்தில் 950 அடிக்கு மேல் வீணாகப் போய்விடும்.

நான் மிகவும் அஞ்சுவது காற்றுக்குத்தான். எதிர்க்காற்று ஒன்பது நாட் வீசினால்தான் தூரம் பத்து விழுக்காடு குறையும். பின்காற்றோ இரண்டே நாட்டுக்குப் பத்து விழுக்காடு கூட்டிவிடும். நம் கடலோரத்தில் காலையில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றாக இருப்பது பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகத் திரும்பிவிடுவதுண்டு. பயிற்சிக் காலத்தில் ஒரு பிற்பகல், காலையில் இறங்கிய அதே திசையிலேயே நானும் வந்தேன். தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போக, நடுக்கோட்டின் வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றாக மூக்குக்கு அடியில் மறைந்தன. விசையைக் கூட்டி மேலே ஏறித் திரும்பும்போதுதான் காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை நான் இறங்க வந்த போக்கிலேயே நீண்டு பறப்பதைக் கண்டேன். இன்றும் இறங்குவதற்கு முன் அதைத்தான் முதலில் தேடுகிறேன்.

இந்தக் கூடுதல்களைக் கூட்டக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். நான்கு நாட் பின்காற்றுக்கு 1,380ஐ 1.2ஆல் பெருக்கினால் 1,656. ஐப்பசி மழையில் நனைந்த தளத்துக்கு 1.15ஆல் பெருக்கினால் 1,904, அதன்மேல் 1.43ஐயும் வைத்தால் 2,723 அடி, கையேட்டு எண்ணைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. புல்தளமானால் இன்னும் கவனம் வேண்டும்: மார்கழிப் பனியில் நனைந்த குட்டையான புல் வழுக்குவதால், தூரம் அறுபது விழுக்காடு வரை கூடலாம். உங்கள் அக்காள் மகன் இந்தக் கணக்கைத் தரையிலேயே தாளில் போட்டு முடித்துவிட்டு ஏறட்டும்.

அன்புடன்