வாள்பல் பூனையின் எலும்பில் இருப்பது காயமா, நோயா, தார்க்குழி செய்த வேலையா?

கேள்வி: வாள்பல் பூனைகளின் எலும்பில் நோயும் காயமும் இருந்ததை எப்படி உறுதி செய்கிறார்கள்? காயம் ஆறியிருப்பதால் அவை கூட்டமாக வாழ்ந்தன என்று சொல்லிவிடலாமா?

இரண்டுக்கும் பதில் தேட ஏற்ற இடம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குள்ளேயே இருக்கும் லா பிரேயா தார்க்குழிகள்தான். நிலத்தடியிலிருந்து கசிந்த தாரில் விலங்குகள் சிக்கிச் செத்த இடம் அது. ஸ்மைலோடான் ஃபேட்டாலிஸ் என்ற, இப்போது அழிந்துவிட்ட வாள்பல் பூனை இனத்தில் 2000-க்கும் மேற்பட்ட விலங்குகளின் எலும்புகள் அங்கே கிடைத்திருக்கின்றன. முறிந்த எலும்பு ஒன்றை வைத்து ஒரு விபத்தைத்தான் சொல்ல முடியும். எந்த மூட்டு அடிக்கடி கெட்டது என்று எண்ணிப் பார்க்க ஆயிரக்கணக்கில் எலும்பு வேண்டும். அந்த வசதி இங்கே உண்டு.

ஒரு சிக்கலும் உண்டு. தாருக்குள் எலும்புக்கூடு சிதறிவிடும். ஒரு பூனையின் தோளெலும்பு ஓரிடத்தில், தொடையெலும்பு வேறிடத்தில், நடுவே ஓநாய், காட்டெருமை எலும்புகள். அதனால் ஆய்வுகளில் வரும் சதவீதம் பெரும்பாலும் எலும்புகளின் கணக்கு. "4 சதவீதப் பூனைகளுக்குக் காயம்" என்று செய்தியில் படித்தால் அது தவறான வாசிப்பு.

எலும்பைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது, சேதம் சாவுக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பதை. உயிரோடு இருக்கும் எலும்பு காயத்துக்கு எதிர்வினை காட்டும். முறிந்த விளிம்பு மழுங்கும், சுற்றிலும் புது எலும்பு படரும். தொடக்கத்தில் அந்தப் புது எலும்பு நுண்துளைகளோடு கரடுமுரடாக இருக்கும். மாதக்கணக்கில் இறுகி வழுவழுப்பாகும். காயத்துக்குப் பிறகு விலங்கு சில வாரம் வாழ்ந்ததா, வெகுகாலம் வாழ்ந்ததா என்பதை இதை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். சாகும் தறுவாயில் உடைந்த எலும்பு சாய்வாகப் பிளந்திருக்கும், விளிம்பு மழமழப்பாக இருக்கும், புது எலும்பு துளியும் இருக்காது. காய்ந்த பிறகு உடைந்தது குறுக்காக, சொரசொரப்பாக உடையும். தோண்டும்போது உடைந்ததென்றால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்: தாரில் ஊறிய மேற்பரப்பு அடர்பழுப்பு, உடைந்த முகம் வெளிர்.

லா பிரேயாவில் அதிகம் ஏமாற்றுவது உராய்வுத் தேய்மானம். குழிக்குள் எலும்புகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாரும் மணலும் அசைய அசைய உரசிக்கொள்கின்றன. அப்போது விழும் பள்ளம் பளபளப்பாக, நோயால் வந்தது போலவே தோன்றும். பள்ளத்தின் ஓரத்தில் எலும்பு தடித்திருக்கிறதா என்று பாருங்கள். தடிப்பே இல்லாமல், மேல்தோட்டை அறுத்து உள்ளிருக்கும் பஞ்சு எலும்பு வெளியே தெரிந்தால் அது குழியின் வேலை. மூட்டுத் தேய்மானத்திலும் பளபளப்பு வரும். ஆனால் அது மூட்டு முகத்தில் மட்டுமே வரும், சுற்றிலும் உதடு போல எலும்பு வளர்ந்திருக்கும். சீழ்த்தொற்று என்றால் எலும்பு உப்பி, சீழ் வடிந்த துளை விளிம்பு உருண்டு நிற்கும்.

காயங்கள் எங்கே விழுந்தன என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கெய்ட்லின் பிரவுன் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு 35,000-க்கும் மேற்பட்ட எலும்புகளைப் பார்த்தது. ஸ்மைலோடான் எலும்புகளில் 4.3 சதவீதத்திலும், அதே குழிகளில் கிடைத்த பேரோநாய் (அழிந்துபோன பெரிய ஓநாய் இனம்) எலும்புகளில் 2.8 சதவீதத்திலும் காயம் இருந்தது. பூனைக்குத் தோளிலும் கீழ்முதுகிலும் காயம் குவிந்திருக்கிறது. ஓநாய்க்குக் கால்களிலும் கழுத்திலும். பதுங்கிப் பாய்ந்து, முன்னங்காலால் பெரிய இரையை அணைத்துத் தரையில் சாய்க்கும் விலங்குக்குத் தோள்தசையும் இடுப்பும்தான் இழுபடும். துரத்தி ஓடிக் கடித்துத் தொங்கும் விலங்குக்கு இரையின் குளம்பு உதை காலில் படும், இரை உதறும்போது கழுத்து சுளுக்கும். வேட்டை முறையைக் கண்ணால் பார்க்க வழியில்லாத நிலையில் இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

எல்லாமே காயம் அல்ல. 2023-இல் வெளிவந்த ஆய்வில் 834 ஸ்மைலோடான் தொடையெலும்புகளின் முழங்கால் முனையைப் பார்த்தபோது 6 சதவீதத்தில் மூட்டுமுகத்தில் குழிவுகள் இருந்தன. பெரும்பாலானவை 12 மில்லிமீட்டருக்கும் சிறியவை. வளரும் பருவத்தில் குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு சரியாக உருவாகாததால் வரும் நோயை இவை ஒத்திருக்கின்றன. இன அழிவை நெருங்கிய காலத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதை ஒரு சாத்தியம் என்ற அளவில் வைத்துக்கொள்வதே நல்லது.

கூட்டமாக வாழ்ந்தனவா என்ற கேள்விக்கு வருவோம். வேட்டையாட முடியாத பூனைக்கு மற்றவை இரையில் பங்கு தந்ததால்தான் காயம் ஆறியது என்பது வாதம். அதற்கு ஆறிய முறிவு தனியாகப் போதாது. பூனைக் குடும்பத்து விலங்குகளுக்கு எலும்பு நன்றாகவே கூடும். தனித்து வாழ்வதும் அடிபட்டுப் பிழைக்கும். இதைவிடக் கனமான சான்று ஓர் இடுப்பெலும்பும் அதனோடு சேர்ந்த வலது தொடையெலும்பும். அடிபட்டுத் தொற்று வந்த எலும்பு என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். மைரின் பலிசி குழுவினர் சி.டி. ஸ்கேன் எடுத்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். தொடைத்தலை உட்காரும் கிண்ணம் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகவும் ஆழமின்றியும் இருந்தது. நன்றாக வளர்ந்த மூட்டு பிற்பாடு அடிபட்டால் பழைய வட்டத்தின் தடயம் மிஞ்சியிருக்கும். இங்கே அது இல்லை. ஆகவே வளர்ச்சியிலேயே வந்த இடுப்புக் குறைபாடு. அந்தப் பூனையால் குட்டிப் பருவத்திலிருந்தே சரியாகப் பாய்ந்திருக்க முடியாது. ஆனாலும் முழு வளர்ச்சி அடைந்திருக்கிறது. மற்றவை கொன்ற இரையில் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்ற வாதம் இங்கே வலுவாக நிற்கிறது. இது ஒரே ஒரு விலங்கு என்பதால் இனம் முழுவதற்கும் இதை விரித்துச் சொல்ல மாட்டேன்.

லா பிரேயா எண்களை எங்கே எடுத்துச் சொன்னாலும் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாரில் சிக்கித் தவிக்கும் இரை எளிய உணவு. நொண்டும் வேட்டை விலங்கு அதைத் தேடி வரும் வாய்ப்பு கூடுதல். எனவே குழியில் காயங்களின் பங்கு வெளியே இருந்ததைவிட அதிகமாக இருக்கலாம், 4.3 என்பதைக் காட்டில் வாழ்ந்த பூனைகள் எல்லாவற்றின் நிலையாக எடுக்க முடியாது. பூனைக்குத் தோளும் முதுகும், ஓநாய்க்குக் காலும் கழுத்தும் என்ற வேறுபாட்டை இந்தக் குறை அவ்வளவாகப் பாதிக்காது. இரண்டும் விழுந்தது ஒரே பொறியில்.