நீதியையும் ஊரையும் பேசும் புதிய குற்ற, அரசியல் நாவல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

கொலையாளி யார் என்பதைவிட அக்கொலை ஊரை என்ன செய்கிறது என்று அறிய விரும்புபவர், அமெரிக்க எழுத்தாளர் அட்டிகா லாக்கின் மூன்று நாவல் வரிசையிலிருந்து தொடங்கலாம். 2017-இல் வெளியாகி, மறு ஆண்டே குற்றப் புனைவுக்கான எட்கர் விருது பெற்ற ‘புளூபேர்ட், புளூபேர்ட்’, கிழக்கு டெக்சாஸின் சிற்றூர் ஒன்றில் சிகாகோவிலிருந்து வந்த கறுப்பின வழக்கறிஞரும் உள்ளூர் வெள்ளையினப் பெண்ணும் அடுத்தடுத்து இறந்துகிடப்பதைப் பற்றியது. விசாரிக்க வரும் டேரன் மேத்யூஸ் கறுப்பினத்தைச் சேர்ந்த டெக்சாஸ் ரேஞ்சர் (அம்மாநிலக் காவல்துறையின் புலனாய்வு அதிகாரி) என்பதால், சட்டத்தின் பிரதிநிதியாகவும், அதே சட்டம் நெடுங்காலம் கைவிட்ட மக்களுள் ஒருவராகவும் ஒரே நேரத்தில் நிற்க நேர்கிறது. துப்பறிதலைவிட இந்த இழுபறிதான் நாவலின் பலம் என்பேன். அரசியல் வாடை கூடுதலாக வேண்டுமெனில், 2016 அதிபர் தேர்தலுக்குப் பிந்தைய சூழலில் நிகழும் இரண்டாம் நாவலான ‘ஹெவன், மை ஹோம்’ பொருந்தும்: அதில் காணாமல்போகும் சிறுவன், வெள்ளையின வெறிக் கும்பலின் முக்கியப்புள்ளி ஒருவனின் மகன். வரிசை 2024-இல் ‘கைட் மீ ஹோம்’ நாவலுடன் நிறைவுற்றது.