அந்த அக்கா எங்கே, அம்மணி?

கேள்வி: அன்னூர் பக்கம் 5 சென்ட் இடத்தோட ஒரு வீட்டை 42 லட்சத்துக்குப் பேசி முடிச்சிருக்கோம். லோன் இல்லை, நகையும் மாமனார் தோட்டம் வித்த காசும்தான். வர்ற வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னாடி 10 மணிக்குப் பத்திரப் பதிவுக்கு டோக்கன். வீடு, விக்கிறவங்களோட இறந்துபோன அப்பா பேர்ல இருக்கு. அம்மாவும் ரெண்டு பசங்களும் கையெழுத்துப் போடுறாங்க. அக்கா ஒருத்தங்க அவிநாசியில இருக்காங்களாம், சீரெல்லாம் செஞ்சாச்சாம். அன்னைக்கு என்னென்ன கொண்டு போகணும்?
- வாசகி, கோபி

பதில்: என்ன கொண்டு போவது என்பது இருக்கட்டும் அம்மணி. அந்த அக்கா இல்லாமல் பத்திர ஆபீஸ் படி ஏறாதீர்கள்.

ராகு காலம் பார்த்தீர்கள். வாரிசுச் சான்று பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அப்பா சம்பாதித்த வீடு, உயில் இல்லை என்றால் மனைவி, இரண்டு மகன்கள், மகள் என நான்கு சம பங்கு. 1956-லிருந்தே இந்து வாரிசுரிமைச் சட்டம் அதுதான். பூர்வீகச் சொத்தென்றாலும் 2005-க்குப் பிறகு மகளை ஒதுக்க முடியாது. நீங்கள் வாங்கும் 5 சென்டில் ஒன்றேகால் சென்ட் அவிநாசியில் இருக்கிறவருடையது. அப்பா இறந்தபோது அவரைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்திருந்தால் பங்கு ஐந்து. பாட்டியும் பிறகு போயிருந்தால் அவர் பங்குக்கு அத்தைமார்களும் வருவார்கள். கேட்டீர்களா?

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பீர்கள். அதில் பதிவான பத்திரம்தான் வரும்; சாவும் வாரிசும் ஏறாது. பட்டா மகன்கள் பேருக்கு மாறியிருந்தாலும் மகள் பங்கு போய்விடாது. லோன் போட்டிருந்தால் பேங்க் வக்கீலே மறித்திருப்பார். கைக்காசு என்பதால் கேட்க ஆளில்லை.

"சீர் செஞ்சாச்சு" என்பதை நம் பக்கம் ரசீது மாதிரி நீட்டுகிறார்கள். எத்தனை பவுன் போட்டிருந்தாலும் பங்கில் கழியாது. சட்டத்தை விடுங்கள், அப்பன் வீட்டை விற்கும்போது கூடப்பிறந்தவளைக் கூப்பிடாத அண்ணன் தம்பியை நான் மதிப்பதில்லை. எனக்கு எதுவும் வேண்டாம் என்று அவள் சொல்லலாம். அதை அவளே வந்து சொல்லட்டும். மாமனார் தோட்டத்தை விற்றீர்களே, உங்கள் நாத்தனாரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இறப்புச் சான்றும் தாசில்தார் தந்த வாரிசுச் சான்றும் கைக்கு வரட்டும். அதில் உள்ள எல்லோரும், அக்கா உட்பட, கிரையப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்கூட்டியே பதிந்து தரட்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கி வைத்திருக்கிறோம் என்றால் நம்பாதீர்கள், பதியாதது செல்லாது. அவர் பங்குப் பணம் அவர் பேரிலேயே தனி டிடியாகப் போகட்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் டோக்கன் போனால் போகட்டும்.

இனி அந்த நாள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். உங்கள் விலைக்கு 3,78,000 ரூபாய். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு அதிகமென்றால் அதன்மேல் போடுவார்கள். ஆன்லைனில் முன்பே கட்டிவிடுங்கள். 50 லட்சத்துக்குக் கீழே என்பதால் வருமான வரிப் பிடித்தம் இல்லை. எல்லோருடைய ஆதார், பான் அசல், இரண்டு சாட்சிகள், அப்பா வாங்கிய மூலப்பத்திரத்தின் அசல் வேண்டும். நகல்தான் இருக்கிறது என்றால் அசல் எங்கே அடமானத்தில் கிடக்கிறது என்று கேளுங்கள். முந்தின நாள் வரைக்கும் வில்லங்கம் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

பத்திர எழுத்தர் தரும் வரைவை வீட்டில் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்: சர்வே எண், நான்கு எல்லை, அளவு, இனிஷியல். ஒரு எண் தப்பினாலும் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விற்ற அத்தனை பேரையும் திரும்பக் கூட்டி வர வேண்டும். காசு வாங்கியவர்களை அப்புறம் பிடிப்பது லேசில்லை. காட்டு வேலை பார்த்த கைக்கு ரேகை விழாமல் போகும். ஓடிபி வாங்க, ஆதாரில் சேர்த்த போனை விற்கிற அம்மா எடுத்து வரட்டும்.

டிடி எண்கள் பத்திரத்தில் ஏறியிருக்க வேண்டும். பத்திர ஆபீஸில் எல்லோருக்கும் போட்டோவும் கைரேகையும் எடுத்து முடித்த பிறகு டிடியைக் கொடுங்கள். முந்தின நாளே கேட்டால் தராதீர்கள். கரண்ட் பில், வீட்டு வரி கடைசி ரசீதுகளோடு எல்லாச் சாவியையும் அங்கேயே எண்ணி வாங்குங்கள். இணைப்பையும் வரியையும் உங்கள் பேருக்கு மாற்ற அந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.