அந்தமானில் கற்றதை வைத்து சில்ஸ் ஏரியில் இறங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங்கின் முதல்நிலைப் பயிற்சியான ஓபன் வாட்டர் முடித்துப் பத்து டைவ் போட்டிருக்கிறீர்கள், சூரிச்சுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சியை நேராக எங்காடின் மலைப் பக்கம் சில்ஸ் ஏரியிலேயே முடித்துவிடலாமா என்று. முடிக்கலாம். ஆனால் இந்த வருடம் வேண்டாம். பதினான்கு வருடமாக இந்தத் தண்ணீரில் முங்குகிறவன் சொல்கிறேன்.

கோடையில் சூரிச் ஏரியின் மேல்தண்ணீர் 22, 23 டிகிரி இருக்கும். அதை நம்பி இறங்கினால் பத்து பதினைந்து மீட்டரில் கோடு கிழித்த மாதிரி மாறிவிடும். அதற்குக் கீழே போகப் போக ஆகஸ்டிலும் 5, 6 டிகிரிதான். அங்கே முதலில் வலிப்பது உதடு. சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் கவ்விய இடத்தைச் சுற்றி ஊசி குத்துவது போலிருக்கும், இரண்டு நிமிடத்தில் மரத்துப்போகும். அப்புறம் ஐஸ்கிரீமை அவசரமாக விழுங்கியதுபோல நெற்றியில் ஒரு வலி.

அதனால் உடம்பை நனையவிடாத ட்ரைசூட் உடை கட்டாயம். இதை ஆழ டைவோடு சேர்க்காமல், ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் நாலைந்து முறை பழகுங்கள். உள்ளே இருக்கும் காற்று காலுக்கு ஏறிவிட்டால் தலைகீழாக மேலே இழுத்துக்கொண்டு போகும். திரும்பி நிமிரத் தெரிந்திருக்க வேண்டும். கடலில் கட்டிய எடைக் கணக்கும் இங்கே உதவாது. நன்னீர் குறைவாக மிதக்கவைக்கும், ட்ரைசூட்டோ நிறைய மிதக்கவைக்கும். ஒரே வார இறுதியில் ட்ரைசூட்டும் ஆழ டைவும் சேர்த்து முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்தது ரெகுலேட்டர். இதில் நான் பட்டிருக்கிறேன். வந்த முதல் வருடம், ஊரிலிருந்து கொண்டுவந்த என்னுடையதோடு வாலென்சே ஏரியில் இறங்கினேன். 21 மீட்டரில் மூச்சை இழுத்தேன், காற்று நிற்கவில்லை. சிலிண்டர் காற்று ஃபர்ஸ்ட் ஸ்டேஜில், அதாவது ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பகுதியில், விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள தண்ணீரும் 5 டிகிரி என்றால் உள்ளே பனி கட்டி வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். முகமெல்லாம் குமிழி. பாதி சிலிண்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலி. கூட வந்தவர் தன் இரண்டாவது ரெகுலேட்டரை என் வாயில் திணித்து மேலே கூட்டிவந்தார். கரையில் அவர் எதுவும் சொல்லவில்லை, என் ஃபர்ஸ்ட் ஸ்டேஜை விரலால் தட்டிக் காட்டினார்: பத்து டிகிரிக்கு மேல் மட்டும் என்று அதிலேயே பொறித்திருந்தது. இங்கே பலர் சிலிண்டரில் இரண்டு வால்வு வைத்து, இரண்டு முழு ரெகுலேட்டரை மாட்டுகிறார்கள். ஒன்று உறைந்தால் அதன் வால்வை மூடிவிட்டு மற்றதில் மூச்சு விடலாம். தடித்த கையுறையோடு கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த வால்வைத் திருகப் பழகுவதுதான் உண்மையில் பாதிப் பயிற்சி.

இனி உயரம். 300 மீட்டருக்கு மேல் இருந்தாலே மலை டைவ் என்பது கணக்கு. சூரிச் ஏரியே 406 மீட்டர். சில்ஸ் 1,797. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் உடம்பில் கரையும் நைட்ரஜன் கணக்கில் அங்கே 20 மீட்டர் போவது, கடலில் சுமார் 24 மீட்டர் போனதற்குச் சமம். உயரத்துக்கு ஏற்ற டைவ் அட்டவணைகளைப் போட்டவரும் இந்த ஊரில் வேலை பார்த்தவர்தான், சூரிச் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பியூல்மன். நைட்ரஜனைக் கணக்கிட்டுக் காட்டும் பல டைவ் கம்ப்யூட்டர்களில் ஓடும் ஜெட்எச்-எல்16 முறையில் 'ஜெட்எச்' என்பது சூரிச். உங்களுடையது உயரத்தைத் தானாக அறிகிறதா, கையால் மாற்ற வேண்டுமா என்று இப்போதே பாருங்கள். மேலே போன அன்றே தண்ணீரில் இறங்காமல் ஓர் இரவு தங்குங்கள்.

எல்லோரும் மறப்பது திரும்பும் வழியை. சில்ஸிலிருந்து காரில் சூரிச் வர வழக்கமாக யூலியர் கணவாயைத் தாண்ட வேண்டும், அது 2,284 மீட்டர். டைவ் முடித்த உடம்பை இருபது நிமிடத்தில் இன்னும் ஐந்நூறு மீட்டர் ஏற்றுகிறீர்கள். அழுத்தம் குறைந்தால் குமிழியாகிவிடக்கூடிய, உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு அது விமானம் ஏறுவதுபோலத்தான். அன்றிரவும் அங்கேயே தங்குங்கள். செயிண்ட் மோரிட்ஸிலிருந்து ரயில் என்றால் அல்புலா சுரங்கம் சுமார் 1,820 மீட்டரிலேயே மலையைக் கடந்துவிடுகிறது, சில்ஸைவிடக் கொஞ்சம்தான் உயரம். முப்பது கிலோ சாமானை யார் தூக்குவது என்பது வேறு விஷயம்.

எனவே செப்டம்பரில் சூரிச் ஏரியில் ட்ரைசூட். குளிர்காலத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும், அப்போது திசைகாட்டிப் பயிற்சி (பிளாஸ்கில் மிளகு ரசம் மறக்காதீர்கள்). வசந்தத்தில் வாலென்சேயில் ஆழ டைவ். அடுத்த கோடையில் சில்ஸுக்கு நானே வருகிறேன். அதற்கு முன்னால், உங்கள் ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜைப் படமெடுத்து அனுப்புங்கள், அதில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.