ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுராவின் கணக்குப்படி, நன்மையும் தீமையும் இல்லாத மரபணு மாற்றங்கள் ஒரு இனத்தில் நிலைபெறும் (கூட்டம் முழுக்கப் பரவும்) வேகம், அவை தோன்றும் வீதத்துக்குச் சமம். கூட்டத்தின் தொகை அந்த விடையில் வருவதே இல்லை. அப்படியானால் தொகை அளவு எங்கே போனது?

அது மறையவில்லை, இரண்டு இடத்தில் வந்து அடிபட்டுப் போகிறது. பெரிய கூட்டத்தில் புதிய சடுதிமாற்றங்கள் (மரபணுவில் திடீரெனத் தோன்றும் மாற்றங்கள்) அதிகம் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் கூட்டம் முழுக்கப் பரவும் வாய்ப்பு அதே அளவுக்குக் குறைவு.

“சின்னக் கூட்டத்தில் சீக்கிரம் நிலைபெறும், அப்புறம் வேகம் எப்படிச் சமம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். ஒரு மாற்றம் நிலைபெற ஆகும் காலம் வேறு (சராசரியாகத் தொகையின் 4 மடங்கு தலைமுறைகள்), எத்தனை தலைமுறைக்கு ஒன்று நிலைபெறுகிறது என்பது வேறு.

எண் போட்டுப் பாருங்கள். ஒரு மரபணுப் படியில் ஒரு தலைமுறைக்கு மாற்றம் தோன்றும் வீதம் லட்சத்தில் 1 என்று வையுங்கள்.
1. 100 பேர், ஒருவருக்கு இரண்டாக 200 மரபணுப் படிகள்: தலைமுறைக்கு 0.002 புதிய மாற்றம். ஒரு புதிய மாற்றம் நிலைபெறும் வாய்ப்பு 200இல் 1, எனவே அதை 200ஆல் வகுங்கள்.
2. 10 லட்சம் பேர், 20 லட்சம் படிகள்: 20 புதிய மாற்றங்கள். 20 லட்சத்தால் வகுங்கள்.
இரண்டுக்கும் விடை லட்சத்தில் 1. மூலக்கூறு அளவில் நடக்கும் பரிணாம மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் இல்லாதவை என்ற நடுநிலைக் கோட்பாட்டை கிமுரா 1968இல் முன்வைத்தபோது நம்பியிருந்த எளிய கணக்கு இதுதான். எனக்கு இன்னமும் அழகாகத் தெரிகிறது.

ஆனால் நன்மையும் தீமையும் இல்லாத மாற்றங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். லேசாகத் தீங்கானவை சின்னக் கூட்டத்தில் நழுவி நிலைத்துவிடும். ஜப்பானின் மிஷிமா நகரில் கிமுராவுடன் வேலை செய்த மரபியலாளர் தொமோகோ ஓதா 1973இல் காட்டியது அதைத்தான். டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் 4 போன்ற புரதத்தை உதாரணமாக எடுக்காதீர்கள்: பசுவுக்கும் பட்டாணிக்கும் 102 அமினோ அமிலங்களில் 2தான் வித்தியாசம். அங்கே பெரும்பாலான மாற்றங்களை இயற்கைத் தேர்வு வடிகட்டிவிடுகிறது.